கல்லூரி வளாக நெட்வொர்க்கைக் கண்காணிக்க எந்த மென்பொருள் நல்லது?

ஆறு கட்டடம், நாற்பது ஸ்விட்ச், கவனிக்க ஒரே ஆள் என்று கேட்டிருக்கிறீர்கள். லிப்ரெஎன்எம்எஸ் (LibreNMS) என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போடுங்கள். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன்.

ஜாபிக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் இன்னும் பலமானது, சர்வர்களை நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் எதைக் கவனிப்பது (டெம்ப்ளேட்), எப்போது எச்சரிப்பது (ட்ரிக்கர்) என்று உட்கார்ந்து செதுக்க நேரம் வேண்டும்; ஒற்றை ஆளுக்கு அது எங்கே கிடைக்கும்? பிஆர்டிஜி என்ற மூன்றாவது மென்பொருளில் 100 சென்சார் வரை இலவசம்; கவனிக்கும் ஒவ்வொரு விஷயமும் ஒரு சென்சார். ஒவ்வொரு போர்ட்டையும் ஒரு சென்சாராக வைத்தால் நாலைந்து ஸ்விட்சிலேயே தீர்ந்துவிடும். லிப்ரெஎன்எம்எஸ் முழுக்க இலவசம். எஸ்என்எம்பி (கருவிகளிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) விவரம் கொடுத்து ஒரு ஸ்விட்சைச் சேர்த்தால், எல்எல்டிபி (பக்கத்துக் கருவிகள் தம்மை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை) வழியே பக்கத்து ஸ்விட்சுகளைத் தானே கண்டுபிடிக்கும்.

சரி, அதைவிட முக்கியமானது ஆக்ஸிடைஸ்டு என்ற மென்பொருள். இது ஸ்விட்சுகளின் கான்ஃபிகரேஷனை (அமைப்பு விவரங்களை) அவ்வப்போது எடுத்துப் பழைய பதிப்புகளோடு சேமித்து வைக்கும், லிப்ரெஎன்எம்எஸ்ஸோடு இணைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் துலாவர்ஷத்தில் (வடகிழக்குப் பருவமழையில்) சாயங்காலமானால் இடிதான். மரத்தடி வழியாகச் செம்புக் கேபிள் போன ஹாஸ்டல் ஸ்விட்ச் ஒருமுறை கருகிப்போனது. கான்ஃபிகரேஷன் கையில் இருந்ததால் அதே மாடல் ஸ்பேர் ஸ்விட்சில் ஏற்றி, பிள்ளைகள் சாப்பிட்டு வருவதற்குள் இணையத்தைக் கொடுக்க முடிந்தது. அது இல்லாவிட்டால் விலேன்களை (நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் அமைப்புகளை) ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி அடித்துக்கொண்டிருக்க வேண்டும். (மின்னல் செம்பு வழியே பாயும் என்பதால் கட்டடங்களுக்கு இடையே ஃபைபர்தான் போட வேண்டும், அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.)

புது ஸ்விட்ச் வாங்கும்போது, போர்ட் வழியே போகும் பைட்டுகளை எண்ணும் 64 பிட் கவுண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் முழு ஓட்டத்தில் 32 பிட் கவுண்டர் சுமார் 34 நொடியில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். லிப்ரெஎன்எம்எஸ் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கேட்கும் என்பதால் அந்த கிராஃபை நம்பவே முடியாது. எஸ்என்எம்பியில் 3ஆம் பதிப்பையே வையுங்கள். பழைய 2சி பதிப்பில் கடவுச்சொல் அப்படியே வெளியில் தெரியும்.

அப்புறம் அலெர்ட். எந்த ஸ்விட்ச் எதற்குக் கீழே என்று டிபென்டென்சியைக் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் கோர் (மைய) ஸ்விட்ச் விழும்போது நாற்பது அலெர்ட்டும் சேர்ந்து வந்து, உண்மையான கோளாறு அதற்குள் மறைந்துவிடும். டெலிகிராமை மட்டும் நம்பாதீர்கள், இணையமே போனால் அந்தச் செய்தியும் வெளியே போகாது. சிம் போட்ட ஒரு ஜிஎஸ்எம் மோடம் வைத்து, பிளேஎஸ்எம்எஸ் என்ற மென்பொருள் வழியே எஸ்எம்எஸ் வரும்படி செய்துகொள்ளுங்கள். மோடத்தையும் சர்வரையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள்.