92ஆ 95ஆ, ஒயில் எவ்வளவு? டூ ஸ்ரோக் கேள்வி பதில்

கராச்சுக்கு வருகிறவர்களும் போனில் கேட்கிறவர்களும் பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ரோக் எஞ்சின் பற்றி ஒரே கேள்விகளைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். சரி, ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

அண்ணா, என்னுடைய பழைய 100 சிசி பைக்குக்கு ஹெட் (சிலிண்டர் மூடி) சீவி கொம்பிரஷன் ஏற்றினேன். 92 பெற்றோல் அடித்தால் மேட்டில் ஆணி குலுக்குகிற மாதிரிச் சத்தம். 95 அடித்தால் போதுமா, இல்லை ஒயிலைக் கூட்டவா? (உப்புவெளி)

தம்பி, ஒயிலைத் தொடாதே. நீ கேட்கிற சத்தம், பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் மிஞ்சியிருக்கிற கலவை தானாக வெடிக்கிற சத்தம். கொம்பிரஷன், அதாவது கலவையை நசுக்குகிற அளவு, ஏற ஏற அந்த மூலைக் கலவைக்குச் சூடும் அழுத்தமும் கூடும். அதைத் தாங்குகிற குணத்துக்குப் பெயர்தான் ஒக்டேன், 92, 95 என்பது அதன் அளவு. அது பெற்றோலில் இருக்கிறது, ஒயிலில் இல்லை. சொல்லப்போனால் ஒயில் கூடினால் ஒக்டேன் கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. ஒயிலைக் கூட்டினால் எஞ்சினுக்குப் போகிற பெற்றோல் குறையும். காபரேற்றரில் பெற்றோல் போகிற ஜெட் ஓட்டை அதேதான், அதனால் போகிற கலவையும் ஏறக்குறைய அதே அளவுதான். 50க்கு 1 கலவையில் (50 பங்கு பெற்றோல், 1 பங்கு ஒயில்) ஒரு லீற்றருக்குள் 980 மில்லி பெற்றோல் இருக்கும், 25க்கு 1 என்றால் 962தான். இரண்டு வீதம் சின்னக் கணக்குத்தான், ஆனால் பெற்றோல் குறைந்தால் சூடு ஏறும், ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற எஞ்சினுக்கு அது போதும்.

எனக்கு இது புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. இளவயதில் நானும் ஹெட் சீவினேன், "பாதுகாப்புக்கு" என்று ஒயிலை இரண்டு மடங்கு ஊற்றிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் முறுக்கினேன், திரும்பி வந்தது லொறியில். கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் ஓரம் கறையான் அரித்தது போல, நடுவில் சுண்டுவிரல் போகிற ஓட்டை. ஒயில் மட்டும் அங்கே தாராளமாக இருந்தது.

நீ செய்ய வேண்டியது, முதலில் கேஜ் வைத்துக் கொம்பிரஷனைப் பார். 150 பிஎஸ்ஐ அளவில் நின்றால், மற்றதெல்லாம் சரியாக இருக்கிற பட்சத்தில், 92 தாங்கும். 170ஐ நெருங்கினால் 95. 190 தாண்டினால் பெற்றோல் செட்டில் விற்கிற எந்தப் பெற்றோலையும் நம்பாதே, ஹெட்டுக்குக் கீழே கொஞ்சம் தடிப்பான கஸ்கெட் போட்டு கொம்பிரஷனை இறக்கு. இது அனுபவக் கணக்கு, எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அப்புறம் பிளக் ஓட்டையால் ஈயக்கம்பியை விட்டு, பிஸ்டன் நசுக்கிய தடிப்பை அளந்து பார், அதுதான் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. இந்த அளவு எஞ்சினுக்கு ஒரு மில்லிமீற்றர் சுற்றுவட்டத்தில் இருந்தால் நல்லது. இடைவெளி பெரிதாக இருந்தால் மூலைக் கலவை அங்கேயே தங்கிச் சூடாகும், அப்போது 95 அடித்தும் சத்தம் போகாது. கடைசியாக மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டிப் பார், டைமிங் (பிளக் பற்றவைக்கிற நேரம்) முன்னுக்கு ஏறியிருக்கிறதா என்றும் பார். 95 அடிப்பதை விட இவை மலிவு.

ஒயில் அளவைத்தான் சொல்லுங்கள், எங்கள் 40 குதிரை போட்டு எஞ்சினுக்கு ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். 95 தேவையா? (திருக்கடலூர்)

95 வேண்டாம். கம்பனியில் இருந்து வந்த எஞ்சினை நீங்கள் கழற்றிச் சீவாத வரை சாதாரணப் பெற்றோலுக்குத்தான் அது செய்யப்பட்டது. அளவு பெரும்பாலான கையேடுகளில் 50க்கு 1, அதாவது லீற்றருக்கு 20 மில்லி. 24 லீற்றர் தாங்கிக்கு 480 மில்லி, அரைப் போத்தல் என்று கண்ணால் அளக்காதீர்கள். புது எஞ்சின் என்றால் முதல் பத்து மணித்தியாலம் இரண்டு மடங்கு. அதற்குப் பிறகும் அப்படியே ஊற்றினால் பிளக் கறுத்து, கடலில் புறாமலைத் தீவுக்குப் பக்கத்தில் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் பாதிப் பெற்றோல், பிறகு ஒயில், குலுக்கு, பிறகு மிச்சப் பெற்றோல். அவ்வளவுதான்.

போட்டுக்கு வாங்குகிற ஒயிலையே பைக்குக்கும் புல்லு வெட்டும் மெசினுக்கும் ஊற்றலாமா? (சாம்பல்தீவு)

அவசரத்துக்கு ஒரு நாள், சரி. வழக்கமாக்கக் கூடாது. போட்டு ஒயில் போத்தலில் டிசி-டபிள்யூ 3 என்று இருக்கும், தண்ணீரில் குளிர்கிற எஞ்சினுக்கானது, எரிந்தால் சாம்பல் விடாது. காற்றில் குளிர்கிற எஞ்சின் அதைவிடச் சூடு, அதற்கு ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்ட ஒயில் வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். கொம்பிரஷன் ஏற்றிய பைக்குக்கு எஃப்டி.

நானும் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஓடுகிறேன், செலவு குறைகிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் முழுக்க மண்ணெண்ணெயில்தானே ஓடினார்கள்? (கிண்ணியா)

ஓடினார்கள் நானா, பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெற்றோல் இல்லாததால் ஓடினார்கள், எஞ்சினுக்கு நல்லது என்று இல்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலுக்குப் பக்கத்திலேயே வராது. மண்ணெண்ணெயில் ஓடுகிற படகு எஞ்சின்களைக் கம்பனியே கொம்பிரஷன் குறைத்துத்தான் செய்கிறது. நீங்கள் மிச்சம் பிடிக்கிற காசு பிஸ்டனுக்குப் போகும்.

ஆமணக்கெண்ணெய் ரேஸ்காரர்கள் ஊற்றுவார்களாமே? (தம்பலகாமம்)

ஊற்றுவார்கள், சூடு ஏறினாலும் உலோகத்தை விட்டுப் போகாது. ஆனால் அவர்கள் ஊற்றுவது பசை நீக்கிய ரேஸ் ஆமணக்கு, அதையும் கலந்த அன்றே எரித்துவிடுவார்கள், எஞ்சினையும் அடிக்கடி கழற்றித் துடைப்பார்கள். கடையில் பேதிக்கு விற்கிற போத்தலை ஊற்றினால் ரிங் பள்ளமெல்லாம் அரக்கு. மற்ற ஒயிலோடு கலக்கவே கூடாது.

ஒக்டேன் கூட்டுகிற மருந்துப் போத்தல்?

"3 பொயின்ற் கூடும்" என்று எழுதியிருந்தால் பல நேரம் 0.3 ஒக்டேன் என்றுதான் அர்த்தம், 92ஐ 92.3 ஆக்கும். அந்தக் காசுக்கு 95 அடி.

வாடைக்கு முன் கலந்து வைத்த பெற்றோல் மூன்று மாதமாக கேனில் கிடக்கிறது, ஊற்றலாமா? (சல்லி)

மணந்து பாருங்கள். வார்னிஷ் போல நாறினால் கரைவலைக்காரர் கூட வாங்க மாட்டார்கள், விட்டுவிடுங்கள். நாறாவிட்டால் புதுசில் நாலில் ஒரு பங்காகக் கலந்து போட்டில் எரித்துவிடலாம், ஆனால் அந்த உப்புவெளித் தம்பியின் பைக்கில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். காபரேற்றரையும் இப்போதே வடித்துவிடுங்கள்.