சிக்னல் ஃபுல்லா இருக்கு, வேகம்தான் இல்லை!

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டினாலும் இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் பிளானை 300-க்கு மாற்றலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அதே நேரத்தில் லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் செருகி வேகம் பாருங்கள். 90-க்கு மேல் வந்தால் பிளானில் குறையில்லை, காற்றில்தான் நெரிசல். கேபிளிலும் வேகம் குறைந்தால் இணைப்பு கொடுத்தவரிடம்தான் புகார் செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டு ரூட்டர்களும் உங்கள் சேனலிலேயே (ரூட்டர் பேசும் அலைவரிசை) இருந்தால், உங்கள் ரூட்டர் தன் முறைக்குக் காத்திருக்கும். சிக்னல் கோடுகள் இதைக் காட்டாது.

ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), பயனர் பெயர், பாஸ்வேர்டு இருக்கும். பிரவுசர் வழியே உள்ளே போய் வயர்லெஸ் பக்கத்தைத் திறங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைப்பட்டையில் 1, 6, 11 ஆகிய மூன்றில் கூட்டம் குறைந்த சேனலைப் போடுங்கள். வைஃபை அனலைசர் ஆப்பில் இது தெரியும். காலியாகத் தெரிகிறதே என்று 3-ஐப் போடாதீர்கள். சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, சிக்னலின் அகலமோ 20. அதனால் 1, 6 இரண்டின் இரைச்சலும் உங்கள் மேல் விழும். அகலமும் 20-லேயே இருக்கட்டும். 40 போட்டால் நெரிசல்தான் கூடும்.

உண்மையான தீர்வு 5 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை. அதற்குத் தனி வைஃபை பெயர் வைத்து, டிவியையும் போன்களையும் அதில் சேருங்கள். சேனல் 36 முதல் 48-க்குள், அகலம் 80. சுவர் தாண்டினால் இது சீக்கிரம் தேயும் என்பதால், ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காமல் கூடத்தில் உயரமாக மாட்டுங்கள்.

செக்யூரிட்டியில் (வைஃபையைப் பூட்டும் முறை) டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் தேர்ந்தெடுங்கள். டிகேஐபி என்ற பழைய பூட்டு முறை இருந்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

கேள்வி: புது ஸ்மார்ட் பிளக் வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது. ரூட்டரை ரீசெட் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. போனை 2.4-க்கான வைஃபை பெயரில் இணைத்துவிட்டு பிளக்கைச் சேருங்கள். செக்யூரிட்டி டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-ம் கலந்ததாக மாற்றுங்கள். ரீசெட் பட்டனை அழுத்தினால், இணைப்பு கொடுத்தவர் பதித்துவைத்த பிபிபிஓஇ (இன்டர்நெட்டில் நுழைவதற்கான லாகின்) பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்து, வீட்டில் இன்டர்நெட்டே நின்றுபோகலாம்.