தொண்டை வலி: மூன்றாம் நாளே மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: தக்கலையில் இருக்கிறோம். என் மகனுக்கு 8 வயது. போன மாதம் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தது. டாக்டர் 10 நாளைக்கு மருந்து எழுதினார். மூன்றாம் நாளே ஓடி விளையாடினான், நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடியும் அதே வலி. ஐஸ் தின்றதுதான் காரணம் என்கிறார் மாமியார். மீதி மருந்தைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கலக்கி வைத்த மருந்து ஒரு மாதம் தாங்காது. பையனை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐஸ் மேல் பழி போட வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருமல், தும்மல், எச்சில் வழியாகத் தொற்றுகிறது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் பள்ளி திறப்பும் மழையும் சேர்ந்தே வரும். ஜன்னலை அடைத்த வகுப்பறையில் ஒருவனுக்கு வந்தால் பக்கத்து பெஞ்சுக்கும் வரும்.

எல்லாத் தொண்டை வலியும் இதுவல்ல. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. திடீர்க் காய்ச்சல், எச்சில் விழுங்கவே வலி, தாடைக்குக் கீழே நெறி கட்டுதல், டார்ச் அடித்தால் தெரியும் வெள்ளைத் திட்டு, இத்தனையும் இருந்து இருமல் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். சில பிள்ளைகள் வயிற்று வலி என்றுதான் அழுவார்கள். தொண்டைச் சளியைப் பரிசோதித்தால் உறுதியாகிவிடும்.

காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். ஆனால் கிருமி முழுதாகப் போகாது, அதனால்தான் 10 நாளும் மருந்து கொடுக்கச் சொல்கிறோம். எனக்குப் பயம் தொண்டையைப் பற்றியல்ல, இதயத்தைப் பற்றி. இந்தக் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் சக்தி, சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகளையும் இதய வால்வையும் தாக்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். வால்வு கெட்டால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில். இன்று முட்டு, நாளை கணுக்கால் என்று வலி இடம் மாறினால் 'வளர்ற வலி' என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு வாங்கினாலும், காலையில் முகம் வீங்கினாலும், மூத்திரம் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனாலும் உடனே காட்டுங்கள்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், தண்ணீர் பாட்டிலும் டம்ளரும் தனியாக இருக்கட்டும். மருந்து தொடங்கி ஒரு நாள் கழிந்து, காய்ச்சலும் விட்ட பிறகே பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டில் வேறு யாருக்காவது தொண்டை வலித்தால் அவரையும் காட்டுங்கள். உப்பு வெந்நீரில் கொப்பளிக்கட்டும். மாமியார் போடும் சுக்குக் காப்பியும் இதமாக இருக்கும், மருந்துக்குப் பதிலாக அல்ல. ஆஸ்பிரின் மட்டும் கூடாது.

வாயில் எச்சில் வழிந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், போகும்போது பழைய சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள்தான் கொடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் திட்டினாலும் சரி.