மெனு கார்டுல கந்தரப்பத்த காணோம்!

கேள்வி: கானாடுகாத்தான்ல பலகாரக் கடை போடுறோம். சுருள் சுருளா வால் வச்ச பழைய காலத்து இங்கிலீஷ் செரிஃப் ஃபான்ட்ல போர்டு எழுதுனோம், சூப்பரா இருக்கு, அதையே மெனு கார்டுக்கு போட்டா ஒண்ணுமே படிக்க முடியல. தமிழுக்கும் அப்படி ஃபான்ட் கிடைக்குமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஆச்சி, அது டிஸ்ப்ளே ஃபான்ட், போர்டுக்குன்னே பண்ணது. தடிச்ச கோடு தூண் மாதிரி, மெல்லிசு கோடு தலைமுடி மாதிரி இருக்கும், 72 பாயின்ட்ல, அதாவது ஒரு இன்ச் சைஸ்ல வச்சா அழகு, அதையே 9 பாயின்ட்டுக்கு சுருக்குனா முடி மாதிரி கோடெல்லாம் பிரிண்ட்ல காணாமப் போயி தூண் மட்டும்தான் நிக்கும். மெனுவுல கடை பேருக்கு மட்டும் அத வச்சுக்கங்க, பலகாரம், விலைக்கெல்லாம் சாதா ஃபான்ட் போதும். எல்லாமே கேப்பிடல்ல சுருளோட அடிக்கிறத மட்டும் தயவுசெஞ்சு விட்ருங்க, முறுக்கு பிழிஞ்ச மாதிரி இருக்கும்!

தமிழுக்கு வர்றேன். செரிஃப் வால் ரோமன் கல்வெட்டு எழுத்தோட சொத்து, நம்ம எழுத்துல ஏற்கனவே சுழி இருக்கு, அதுல வாலையும் ஒட்டுனா எது சுழி எது வால்னே தெரியாது. பழைய லுக் வேணும்னா 1978 எழுத்து சீர்திருத்தத்துக்கு முன்னாடி இருந்த 'ளை'ய போடுங்க, துதிக்கை தூக்குன யானை மாதிரி இருக்குமே அது. 'வெள்ளைப் பணியாரம்'னு அதுல எழுதிப் பாருங்க, ஐயா காலத்துக் கடை மாதிரியே இருக்கும். டைப் பண்றது அதே யூனிகோடுதான், அதாவது கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு இருக்குற நம்பர், உருவத்த மாத்துறது ஃபான்ட், அதனால பழைய வடிவம் உள்ள ஃபான்ட்டா டிசைனர்ட்ட கேட்டு வாங்குங்க.