மருத்துவம் தெரியாதவங்களுக்கு எதிக்ஸ் கமிட்டில என்ன வேலை?

கேள்வி: நான் ரிட்டயர்டு கணக்கு டீச்சர். மருத்துவ ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற எதிக்ஸ் கமிட்டில பொதுமக்கள் சார்பா மெம்பரா வர முடியுமான்னு கேக்கறாங்க, சம்பளம் கிடையாது. மருந்து பத்தி ஒண்ணும் தெரியாம அங்க போய் என்ன பண்றது? சும்மா தலையாட்டறதுக்கு கூப்பிடறாங்களோன்னும் தோணுது.

பதில்: தாராளமா ஒத்துக்கோங்க டீச்சர். மருந்து தெரிஞ்சவங்க அங்க ஏற்கனவே இருக்காங்க. மருந்து பரிசோதனைக்கான சர்வதேச ஜிசிபி (குட் கிளினிக்கல் பிராக்டிஸ்) வழிமுறையே கமிட்டில குறைஞ்சது 5 பேர் வேணும், அதுல ஒருத்தராவது அறிவியல் துறை சாராதவரா இருக்கணும், ஒருத்தராவது அந்த நிறுவனத்தோட சம்பந்தமில்லாதவரா இருக்கணும்னு சொல்லுது. அந்த இடத்துக்குத்தான் உங்கள கேக்கறாங்க.

உங்க முக்கியமான வேலை ஒப்புதல் படிவத்த படிக்கறது, அதாவது ஆராய்ச்சில சேர்றவங்க கையெழுத்து போடற பேப்பர். உங்களுக்கே ஒரு வரி புரியலன்னா வலியோட உக்காந்திருக்கற நோயாளிக்கு எப்படி புரியும்? எந்த மருந்து கிடைக்கும்ங்கறது குலுக்கல் மாதிரிதான் முடிவாகும், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் வரும்னா அத தெளிவா எழுதியிருக்காங்களா, பாதிப்பு வந்தா செலவு யாரோடது, பாதில விலகினா வழக்கமான வைத்தியம் தொடருமா, எடுத்த ரத்தத்த வேற ஆராய்ச்சிக்கு வச்சுப்பாங்களா, இதெல்லாம் கூச்சப்படாம கேளுங்க.

1932-ல அமெரிக்காவுல டஸ்கிகில அரசாங்க சுகாதாரத்துறை டாக்டர்களே ஆரம்பிச்ச ஆராய்ச்சில சிபிலிஸ்ங்கற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்கள்கிட்ட வியாதி என்னன்னே சரியா சொல்லல, அத குணப்படுத்தற பென்சிலின் வந்தப்புறமும் குடுக்கல, 1972-ல பேப்பர்ல செய்தி வந்தப்புறம்தான் நிறுத்தினாங்க. அந்த டாக்டர்கள் எல்லாரும் படிச்சவங்க, அதனாலதான் உங்கள மாதிரி வெளியாள் ஒருத்தர் கேள்வி கேக்கணும்னு சொல்றேன். நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது.

அதுக்காக எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்லணும்னு இல்ல, நல்ல ஆராய்ச்சிய காரணமில்லாம தள்ளிப்போட்டாலும் நோயாளிக்குத்தான் நஷ்டம். தலையாட்டற விஷயம் உங்க கைல இருக்கு, உடன்பாடு இல்லன்னா அத மினிட்ஸ்ல எழுத சொல்லுங்க. உங்களுக்கு பழக்கமானவங்களோட ஆராய்ச்சி வந்தா முன்கூட்டியே சொல்லிட்டு அந்த முடிவுல கலந்துக்காதீங்க, உள்ள பேசினத வீட்லகூட பேசக்கூடாது.

நேரம்தான் நிறைய போகும், ஒவ்வொரு ஃபைலும் பக்கம் பக்கமா இருக்கும். சேர்றதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங்குக்கு எத்தன ஃபைல் வரும், எத்தன நாள் முன்னாடி அனுப்புவாங்க, பயிற்சி உண்டா, போக்குவரத்து செலவு குடுப்பாங்களான்னு கேட்டுக்கோங்க. முதல்ல ஒரு மீட்டிங்ல பார்வையாளரா உக்கார விட்டா இன்னும் நல்லது.