உருளைக்கிழங்கு வேகும் நேரம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் ‘அடேல் ஹெச்’ படத்தைப் பார்த்தேன். படம் முடிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து வருடங்களுக்கு முன் என் அக்காவுக்கு மனம் பிசகியது. அவள் யாரையும் தேடிக் கடல் கடக்கவில்லை. சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று சாப்பிட மறுத்தாள், அவ்வளவுதான். பிரெஞ்சு சினிமா மனநோயை ஏன் காதல் கதையாகவே சொல்கிறது?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. 1975இல் அந்தப் படத்தில் நடித்தபோது இசபெல் அஜானிக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோவின் மகள் அடேலாக அவர் நடித்த அழகில் நோயும் அழகாகிவிட்டது. ஆனாலும் பார்படோஸ் தெருக் காட்சியை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. யாருக்காக அவ்வளவு தூரம் வந்தாளோ அந்த அதிகாரியே எதிரில் வந்து பெயர் சொல்லி அழைக்கிறான். கிழிந்த உடையோடு அவனை அடையாளம் தெரியாமல் கடந்துபோகிறாள் அடேல். அவள் மனதில் அந்த மனிதனுக்கு எப்போதோ இடமில்லாமல் போய்விட்டது. அங்கே அது காதல் கதையாக இல்லை.

1986இல் வந்த ‘பெட்டி ப்ளூ’வுக்கு உங்கள் குற்றச்சாட்டு முழுக்கப் பொருந்தும். மனம் பிசகிய பெட்டியின் முடிவைக் காதலனே எழுதிவிடுகிறான். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எனக்கிருக்கும் பெரிய குறை, இந்தப் படங்கள் முடியும் இடம் பற்றியது. 1988இல் அதே அஜானி சிற்பி கமீல் க்ளோதெலாக நடித்தார். 1913இல் குடும்பத்தார் கமீலைக் காப்பகத்துக்கு அனுப்புவதோடு படம் முடிகிறது. கமீல் அதன்பின் 30 ஆண்டுகள் உயிரோடிருந்தார். 1920இல் மருத்துவரே வீட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதியும் தாய் சம்மதிக்கவில்லை. 1943இல் காப்பகத்திலேயே இறந்தார்.

அந்த 30 ஆண்டுகளில் மூன்றே நாட்களை எடுத்துக்கொண்டு 2013இல் புருனோ துமோன் ஒரு படம் செய்தார்: ‘கமீல் க்ளோதெல் 1915’. பிரான்சின் அவிஞ்ஞோன் நகருக்கு அருகே ஒரு காப்பகம். தம்பி பால் பார்க்க வருவான் என்று கமீல் காத்திருக்கிறார். கதை அவ்வளவுதான். சுற்றியிருக்கும் நோயாளிகளாக வருபவர்கள் உண்மையிலேயே மனநோயும் வளர்ச்சிக் குறைபாடும் உள்ளவர்கள். அவர்கள் நடுவே கமீலாக ழூலியத் பினோஷ் ஒருவர் மட்டுமே பெயர்பெற்ற நடிகை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் படத்தின் உருளைக்கிழங்குதான் நினைவுக்கு வந்தது. உணவில் விஷம் வைக்கிறார்கள் என்று அஞ்சி கமீல் தனக்குத் தானே உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொள்கிறார். கத்தல் இல்லை, இசை இல்லை. பிறகு மருத்துவரிடம் பேசும்போது அவர் சொல்வதில் அத்தனை தெளிவு. என்னை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்பதற்கு நம்மிடமும் பதிலில்லை. அந்தப் பேச்சிலேயே, எப்போதோ பிரிந்துபோன காதலர், சிற்பி ரொதான், இன்னும் தன்னை அழிக்கத் திட்டமிடுவதாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். தெளிவு எங்கே முடிந்தது, பிசகு எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியவில்லை. வீட்டில் ஒருவரை இப்படிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

அக்கா இப்போது எப்படி இருக்கிறார், யார் கையால் சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் எழுதுங்கள்.