போன மாதம் எஃப்.சி. காட்டிய பழைய லாரியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஏழு வயதான பத்துச் சக்கர லாரி ஒன்று சங்ககிரியில் விலைக்கு வந்திருக்கிறது. போன மாதம்தான் எஃப்.சி. காட்டியது, இரண்டு வருடத்துக்குக் கவலையே இல்லை என்கிறார் தரகர். அதை நம்பி வாங்கலாமா? எஃப்.சி.யில் உண்மையில் என்னதான் பார்க்கிறார்கள்?

பதில்:

தரகர் பொய் சொல்லவில்லை. எட்டு வயதுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றை இரண்டு ஆண்டுக்குப் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். 2018 வரை அப்படி இல்லை. புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு கழிந்துவிட்டால் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு விதியைத் திருத்திச் சற்றே தளர்த்தினார்கள். தரகர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அடுத்த முறை நீங்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது அதற்கு எட்டு வயது தாண்டியிருக்கும். அதிலிருந்து வருடா வருடம் பட்டறைச் செலவு, வருடா வருடம் வாடகை இல்லாத நாட்கள். விலை பேசும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில் லாரிகளுக்கு பிரேக் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். எஃப்.சி. வேலைக்கு வரும் வண்டிகள்தான் என் அடுப்பை எரிய வைக்கின்றன. ஆகவே எஃப்.சி. வேண்டும் என்று நான் சொன்னால் அதில் என் சுயநலமும் கலந்திருக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்தச் சான்றிதழைப் பார்த்து வாங்காதீர்கள். எஃப்.சி.க்கு முன்னால் எந்தப் பட்டறையில் வேலை நடந்தது, என்ன சாமான் மாற்றினார்கள் என்ற பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்பது சிறிது நேரம்தான். சேஸ் எண், எஞ்சின் எண் ஒத்துப்போகின்றனவா, விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா, ஹார்ன், வைப்பர், கண்ணாடி சரியா என்று பார்ப்பார். ஒளிர்பட்டை முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டியிருக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொதுவான சரக்கு வண்டிக்கு 80 கிலோமீட்டரில், டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60 கிலோமீட்டரில் பூட்டியிருக்க வேண்டும். கார் வந்து மோதினால் லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுக்கும் பின் தடுப்பும் பக்கத் தடுப்பும் வேண்டும். டயரின் காடி ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. புகைச் சான்று, இன்சூரன்ஸ், வரி எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். கடைசியில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி பிரேக் போடச் சொல்வார். நின்றால் சரி.

நிற்கத்தான் செய்யும். காலி வண்டிதானே.

பத்துச் சக்கர லாரிக்குச் சட்டப்படி அனுமதித்த மொத்த எடை 25 டன்னாக இருந்தது. 2018 ஜூலையில் அதை 28.5 டன்னாக உயர்த்தினார்கள். மைதானத்தில் நிற்கும் காலி லாரிக்கு அதில் பாதி எடைகூட இருக்காது. மிதித்தவுடன் சக்கரம் கட்டிக்கொண்டு நிற்கும், உரிமையாளர் முகம் மலரும். ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதில் உள்ள ஏமாற்று புரியும். கம்ப்ரசர் அடைத்து வைத்த காற்று, பெடலை மிதித்ததும் பிரேக் சேம்பருக்குள் போய் ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, அது கேம் ஷாஃப்டைத் திருப்ப, ஷூ விரிந்து, அதன் மேல் பதித்த லைனிங், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் போய்ப் பிடிக்கிறது. லைனிங் தேயத் தேயத் தண்டு தள்ள வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும். அந்தத் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு.

இப்போது அதே வண்டியில் முழு லோடு ஏற்றித் தொப்பூர் கணவாயில் தருமபுரியிலிருந்து சேலம் பக்கமாக இறக்குங்கள். அல்லது திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பண்ணாரிக்கு இறக்குங்கள். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிற டிரைவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். டிரம் சூடாகிறது. சூடான இரும்பு விரிகிறது. டிரம் விரிந்தால் அதன் உள்சுவர் லைனிங்கைவிட்டு விலகிப் போகிறது. ஏற்கெனவே தேய்ந்த லைனிங் இருக்கும் சக்கரத்தில் தண்டு தன் எல்லை வரை போய் முட்டிக்கொள்ளும். லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே அழுத்தமே இருக்காது. காற்று மீட்டரில் முள் முழுதாக நிற்கும், பிரேக் மட்டும் இருக்காது. போதாததற்குச் சூட்டில் லைனிங்கின் பிடிமானமும் குறைந்துவிடும். செய்தித்தாளில் 'பிரேக் பிடிக்காமல்' என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். அப்படிப் போன வண்டிகளில் சில, மைதானத்தில் காலியாக நின்று தேறி வந்தவையாகவும் இருக்கும்.

இதனால் எஃப்.சி.யே வீண் வேலை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மைதானத்தில் நடக்கும் சோதனையைவிட, அதற்குப் பயந்து வண்டி பட்டறையில் படுத்திருக்கும் அந்தச் சில நாட்களுக்குத்தான் மதிப்பு அதிகம். நம் ஊர் லாரி வீட்டுக்கு வருவதே அபூர்வம். நாமக்கல்லில் முட்டை ஏற்றினால் ஓர் ஊர், அங்கிருந்து வேறு லோடு கிடைத்தால் இன்னொரு மாநிலம் என்று போய்க்கொண்டே இருக்கும். மாதத் தவணை ஒரு பக்கம் கழுத்தைப் பிடிக்கும்போது, நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் குடமான ஹப்பைக் கழற்றிப் பார் என்று எந்த உரிமையாளரும் தானாகச் சொல்ல மாட்டார். எஃப்.சி. தேதி மட்டும்தான் அவரைச் சொல்ல வைக்கிறது. முதல் நாள் ஹப்பைக் கழற்றினால்தான் சீல் போய் கிரீஸ் கசிந்து லைனிங் ஊறிக் கிடப்பது தெரியும். டிரம்மில் வெடிப்பு ஓடியிருப்பது தெரியும். லைனிங் தேய்ந்து ரிவிட் தலை டிரம்மைக் கீறியிருப்பது தெரியும். ஊர் நோம்பியை, அதாவது திருவிழாவை, ஒட்டி எஃப்.சி. தேதி அமைந்துவிட்டால் டிரைவரும் வீட்டில் இருப்பார், பட்டறைக்கு வந்து எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று நேரில் சொல்வார். அந்த வேலை தனி நேர்த்தியாக அமையும்.

ஆனால் எல்லா உரிமையாளரும் ஹப்பைக் கழற்றச் சொல்வதில்லை. "அண்ணா, லைனிங்கெல்லாம் இன்னும் ஓடுமுங்க, பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது, காற்று மட்டும் பார்த்துவிடுங்க" என்று வருபவர்களும் உண்டு. இவர்களுக்கு எஃப்.சி. என்றால் டிங்கரிங், பெயிண்ட், ஒளிர்பட்டை, அவ்வளவுதான். மொட்டை டயரைக் கழற்றிவிட்டு, தன்னுடைய இன்னொரு லாரியின் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலமே பழையபடி மாற்றிக்கொள்வதும் ஊரறிந்த வழக்கம். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவதுபோல. நகையாவது யாரையும் கொல்லாது.

லாரிக்கே இப்படி என்றால் ஆள் ஏற்றும் வண்டிக்கு என்ன சொல்வது? 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. நடப்பில்தான் இருந்தது. அதன் பிறகு அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது மே மாதமானால் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, தளப்பலகை, அவசர வழி, படிக்கட்டின் உயரம் என்று ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பள்ளிகளுக்கா பஞ்சம்? மே மாதத்தில் எங்கள் சாலையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மஞ்சள் வண்டியாகத்தான் நிற்கும். லாரிக்காரர்கள் அந்த மாதம் எங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

இயந்திரத்தை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2021 செப்டம்பரில் தானியங்கிச் சோதனை மையங்களுக்கான விதியை மத்திய அரசு கொண்டுவந்தது. கனரக வண்டிகளுக்கு அது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் என்றார்கள். பிறகு 2024 அக்டோபர் 1 என்று தள்ளிவைத்தார்கள். தனியார் கைக்குப் போனால் கட்டணத்தையும் கெடுபிடியையும் யார் கட்டுப்படுத்துவது என்று லாரி உரிமையாளர்கள் எதிர்க்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் பிரேக் வேலைக்காரன் என்ற முறையில் எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் மரியாதை உண்டு. சக்கரத்தை உருளைகள்மீது நிறுத்திச் சுழற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக எண்ணில் காட்டும். இடது சக்கரம் அதிகமாகவும் வலது சக்கரம் குறைவாகவும் பிடித்தால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. மழையில் வேகமாக மிதிக்கும்போது வண்டி திரும்பிக்கொண்டு படுத்த பிறகுதான் தெரியும். இயந்திரம் அதை நிற்கும் இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இரவல் டயரை அதற்கு அடையாளம் தெரியாது. சூட்டில் டிரம் விரிந்தால் தண்டு எவ்வளவு ஓடும் என்பதும் தெரியாது. அதற்குக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் லாரிக்கு வருவோம். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ் எல்லாம் எந்தத் தேதி வரை இருக்கின்றன, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.சி. தேதி முடிந்த வண்டியை ஓட்டினால் பதிவே செல்லாததாகத்தான் சட்டம் கருதுகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதைச் சொல்லியே உங்கள்மீது பொறுப்பைத் தள்ளப் பார்க்கும். எத்தனை ஆண்டு ஓட்டப்போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பத்துச் சக்கர லாரி போன்ற பல அச்சு வண்டிக்கு நேஷனல் பெர்மிட் 15 வயது வரைதான். பழைய வண்டிக்கு எஃப்.சி. கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரலில் 15 வயது தாண்டிய கனரக வண்டிக்கு 12,500 ரூபாய் ஆக்கினார்கள். 2025 நவம்பரில் பத்து வயதிலிருந்தே அடுக்கடுக்காக உயர்த்தி, 20 வயது தாண்டியதற்கு 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். ஸ்டார்ட் செய்து காற்று முழுதாக ஏறட்டும். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். முள் கண்ணெதிரே இறங்கினால் எங்கோ கசிகிறது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து வண்டி நகராமல் செய்த பிறகு, துணைக்கு வந்தவரை பிரேக் மிதிக்கச் சொல்லி ஒவ்வொரு சேம்பரின் தண்டும் எவ்வளவு வெளியே வருகிறது என்று குனிந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கடப்பாரையால் நெம்பினால், முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின் ஆடுகிறதா என்பது தெரிந்துவிடும். புது பெயிண்டின் பளபளப்பில் மயங்காமல், சேஸுக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போன மாதம் எஃப்.சி. முடித்த வண்டியில் மொட்டை டயர் ஓடினால், அன்றைக்கு மாட்டியிருந்த டயர் எங்கே என்று கேளுங்கள். பதிலைவிட விற்பவரின் முகம்தான் முக்கியம்.

ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் நீங்களாகக் கழற்றிப் பார்க்க முயல வேண்டாம். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும். அந்த வேலையை எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் அதற்குரிய போல்ட் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டிய பிறகே திறப்பார்கள். அப்படிச் செய்யாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பட்டறை பில்லைக் கேட்டால் "அதெல்லாம் எங்கே வைத்திருக்கிறோம்" என்று சிரித்து மழுப்புவார்கள். லைனிங், ஹப் சீல், டிரம் கடைசல் என்று ஒரு வரி எழுதிய துண்டுச் சீட்டாவது இருந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தும் வாங்கலாம். இல்லை என்றால் ஆறு ஹப்பையும் திறந்து வேலை பார்க்கும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். உங்களுக்குப் பழக்கமான பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் அந்தச் செலவு எவ்வளவு ஆகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்.